ஆயிரமா, ஆயிரத்து இருபத்து நான்கா?

கடைக்குப் போய், கணிப்பொறியுடன் இணைக்கும் வன்தட்டு ஒன்றை வாங்கி வருகிறீர்கள். அதன் அட்டைப் பெட்டியில் '1 டெராபைட்' என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. ஒரு டெராபைட் என்றால் ஆயிரம் ஜிகாபைட் என்று எங்கோ படித்த நினைவு. மகிழ்ச்சியோடு வீட்டுக் கணிப்பொறியில் இணைத்துப் பார்க்கிறீர்கள். திரையில் 931 ஜிகாபைட் என்று காட்டுகிறது! தட்டில் இன்னும் ஒரு படம்கூடப் பதியவில்லை. ஒரு பாட்டுக்கூடச் சேர்க்கவில்லை. மீதி 69 ஜிகாபைட் எங்கே போயிற்று?

கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? தட்டைச் செய்தவர்கள் அளவில் குறைத்துவிட்டார்களா? அல்லது கணிப்பொறிக்குக் கணக்குத் தெரியவில்லையா?

காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றிய கேள்வி இது. எனவே விடை தெரிந்துகொள்வது நமது உரிமை. அதற்கு முன், தகவலை அளப்பது எப்படி என்பதை அடியிலிருந்து பார்த்துவிடுவோம். அரிசியை அளக்கலாம், துணியை அளக்கலாம். தகவலை எப்படி அளப்பது?

ஒற்றையா, இரட்டையா?

கை நிறையப் புளியங்கொட்டைகளை எடுத்து மூடிக்கொண்டு, "ஒற்றையா, இரட்டையா?" என்று கேட்கும் விளையாட்டை நீங்கள் ஆடியிருப்பீர்கள். கையைத் திறக்கும் வரை உங்கள் முன்னே இரண்டு வாய்ப்புகள் உள்ளன. கையைத் திறந்து எண்ணியதும் இரண்டில் ஒன்று உறுதியாகிவிடுகிறது. அந்த நேரத்தில் நீங்கள் பெற்ற தகவலின் அளவு ஒரு 'பிட்'. தகவலை அளக்கும் அடிப்படை அலகு இதுவே.

ஒரு கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டே விடைகள் இருந்து, இரண்டுக்கும் சம வாய்ப்பு இருந்தால், அந்த விடையின் அளவு ஒரு பிட். 'ஆம்' என்பதை 1 என்றும் 'இல்லை' என்பதை 0 என்றும் குறிக்கலாம். கணிப்பொறிக்குள் ஒரு மின்சுற்றில் மின்னழுத்தம் மிகுதியாக இருப்பதும் குறைவாக இருப்பதும், காந்தத் தட்டில் ஒரு புள்ளி ஒரு திசையில் காந்தமாவதும் எதிர்த்திசையில் காந்தமாவதும் இந்த 1, 0 என்பவற்றின் வடிவங்களே.

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கிளாட் ஷானன் என்னும் கணித அறிஞர், செய்தித் தொடர்பைப் பற்றிய கணிதக் கொள்கையை 1948-இல் வெளியிட்டார். தகவலுக்கு அளவு உண்டு என்பதையும், ஐயம் எவ்வளவு நீங்குகிறதோ அதுவே தகவலின் அளவு என்பதையும் அவர் அதில் நிறுவினார். 'பிட்' என்ற சொல்லை உருவாக்கியவர் ஜான் டூக்கி என்னும் இன்னொரு கணித அறிஞர். இதை ஷானனே தம் கட்டுரையில் குறிப்பிட்டுள்ளார். 'இரும இலக்கம்' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கிச் செய்த சொல் அது.

ஐயம் நீங்குவதே தகவல் என்றோம். உங்கள் நண்பன் எப்போதும் ஒற்றைப்படையாகவே கொட்டைகளை எடுப்பவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் கையைத் திறந்தாலும் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. அப்போது கிடைக்கும் தகவல் சுழி. தெரிந்ததையே திரும்பக் கேட்பதில் தகவல் இல்லை!

ஒவ்வொரு பிட்டும் இரட்டிக்கும்

இன்னொரு விளையாட்டைப் பார்ப்போம். சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள் உள்ளன. உங்கள் தோழி ஒரு கட்டத்தை மனத்தில் நினைத்துக்கொள்கிறாள். 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் விடை வரக்கூடிய கேள்விகளைக் கேட்டு அந்தக் கட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை கேள்விகள் போதும்?

"இதுவா? இதுவா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் அறுபதுக்கு மேலும் ஆகலாம். ஆனால், "பலகையின் இடப் பாதியில் உள்ளதா?" என்று கேட்டுப் பாருங்கள். விடை எதுவானாலும் 32 கட்டங்கள் கழிந்துவிடும். மீதியை மறுபடியும் பாதியாக்கிக் கேளுங்கள். 32 என்பது 16 ஆகும். பிறகு 8, 4, 2, 1. ஆறே கேள்விகளில் கட்டம் பிடிபட்டுவிடும். ஆகவே, 64 கட்டங்களில் ஒன்றைச் சுட்ட 6 பிட் தேவை.

திருப்பிச் சொன்னால், ஒரு பிட்டைக் கொண்டு 2 பொருள்களை வேறுபடுத்தலாம். 2 பிட்டுகளால் 4. 3 பிட்டுகளால் 8. 6 பிட்டுகளால் 64. 8 பிட்டுகளால் 256. 10 பிட்டுகளால் 1024. ஒரு பிட் கூடினால் வாய்ப்புகள் இரு மடங்காகின்றன. இந்த 1024 என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள். நம் புதிரின் திறவுகோல் அதில்தான் இருக்கிறது.

பைட் பிறந்த கதை

பிட் மிகச் சிறிய அலகு. நெல்லை மணி மணியாக எண்ணி யாரும் விற்பதில்லை. படியில் அளந்து விற்பார்கள். அதுபோலக் கணிப்பொறியும் பிட்டுகளைக் கூட்டம் கூட்டமாகவே கையாளுகிறது. அந்தக் கூட்டத்துக்குப் பெயர் 'பைட்'.

ஐ.பி.எம். நிறுவனத்தில் 'ஸ்ட்ரெச்' என்ற பெரிய கணிப்பொறியை வடிவமைத்துக்கொண்டிருந்தபோது, வெர்னர் புக்ஹோல்ஸ் என்னும் பொறியாளர் 1956-இல் இச்சொல்லைப் படைத்தார். ஆங்கிலத்தில் 'ஒரு கடி' என்று பொருள்படும் சொல்லே அதன் மூலம். எழுதும்போது ஓர் எழுத்து விடுபட்டால் 'பிட்' என்று ஆகிவிடுமே என்பதற்காக, வேண்டுமென்றே எழுத்தை மாற்றி அமைத்தார். அலகுகளின் பெயர்கள் குழம்பிவிடக் கூடாது என்பதில் அன்று அவருக்கு இருந்த கவனத்தைப் பாருங்கள்!

தொடக்கத்தில் ஒரு பைட் என்பது இத்தனை பிட் என்று உறுதியாக இருக்கவில்லை. பல கணிப்பொறிகள் ஓர் எழுத்துக்கு 6 பிட் ஒதுக்கின. ஆறு பிட்டுகளால் 64 குறிகளைத்தான் வேறுபடுத்த முடியும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26, சிறிய எழுத்துகள் 26, எண்கள் 10 - இவையே 62 ஆகிவிடுகின்றன. காற்புள்ளி, அரைப்புள்ளி, கூட்டல், கழித்தல் குறிகளுக்கு இடம் எங்கே? ஐ.பி.எம். நிறுவனம் 1964-இல் அறிவித்த 'சிஸ்டம் 360' என்ற கணிப்பொறி வரிசையில் ஒரு பைட் 8 பிட் என்று வைத்தார்கள். அது பெரும் வெற்றி பெற்றது. நாளடைவில் உலகமெங்கும் 8 பிட் கொண்டதே ஒரு பைட் என்று நிலைத்துவிட்டது.

8 பிட்டுகளால் 256 குறிகள் என்று கண்டோம். நம் தமிழ் எழுத்துகள் எத்தனை? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஒரு பைட்டுக்குள் தமிழ் முழுதும் அடங்கிவிடும் போல் தோன்றுகிறது. ஆனால், மீதி இருப்பவை 9 இடங்களே. 0 முதல் 9 வரையுள்ள பத்து எண்களுக்கே ஓர் இடம் குறைகிறது!

இன்று உலக மொழிகள் எல்லாவற்றின் எழுத்துகளுக்கும் 'யூனிகோட்' என்ற முறையில் தனித்தனி எண் தரப்பட்டுள்ளது. அதில் உயிர்மெய் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் இல்லை. 'மி' என்பது 'ம' என்ற எழுத்தும் இகரக் குறியும் சேர்ந்தது. 'ழ்' என்பது 'ழ' என்ற எழுத்தும் புள்ளியும் சேர்ந்தது. பரவலாக வழங்கும் 'யூ.டி.எஃப். 8' என்ற முறையில் சேமிக்கும்போது இந்தத் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் ஆகிறது. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். எனவே 15 பைட். அதே சொல்லை ஆங்கில எழுத்துகளால் எழுதினால் 5 பைட் போதும்.

கிலோ என்ற விருந்தாளி

பைட்டுகள் ஆயிரக்கணக்கில் பெருகியதும், அவற்றைச் சுருக்கிச் சொல்ல ஒரு வழி தேவைப்பட்டது. கிராம் பெருகினால் கிலோகிராம், மீட்டர் பெருகினால் கிலோமீட்டர் என்று சொல்கிறோம் அல்லவா? 'கிலோ' என்பது ஆயிரம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1795-இல் பிரான்சு நாடு மெட்ரிக் முறையை ஏற்றபோதே அது ஆயிரத்தைக் குறித்தது. கணிப்பொறிப் பொறியாளர்கள் அந்தக் கிலோவை விருந்தாளியாக அழைத்தார்கள். வந்த இடத்தில் விருந்தாளியின் பொருள் சற்றே மாறிவிட்டது. ஏன்?

கணிப்பொறியின் நினைவகத்தை ஒரு நீண்ட தெருவாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பைட் குடியிருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதவு எண் உண்டு. அந்த எண்ணை மின்கம்பிகளின் வழியே அனுப்பித்தான் கணிப்பொறி வேண்டிய வீட்டைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரு கம்பியில் 0 அல்லது 1 போகும். 9 கம்பிகள் இருந்தால் 512 வீடுகளைத்தான் சுட்ட முடியும். 10 கம்பிகள் இருந்தால் 1024 வீடுகளைச் சுட்டலாம். 10 கம்பிகளைப் போட்டுவிட்டு, ஆயிரம் வீடுகளை மட்டும் கட்டினால் 24 கதவு எண்கள் வீணாகும். எனவே நினைவகங்கள் இயல்பாகவே 1024, 2048, 4096 என்ற அளவுகளில் அமைந்தன.

1024 ஆயிரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. வேறுபாடு நூற்றுக்கு 2.4 தான். 'ஆயிரத்துச் சொச்சம்' என்று ஒவ்வொரு முறையும் சொல்வானேன்? பொறியாளர்கள் 1024 பைட்டை 'ஒரு கிலோபைட்' என்றே அழைக்கத் தொடங்கினார்கள். நினைவகம் சிறிதாக இருந்த காலத்தில் இதனால் யாருக்கும் தொல்லை இல்லை. 1969-இல் மனிதனை நிலவில் இறக்கிய அப்பல்லோ வழிகாட்டும் கணிப்பொறியில், எழுதி அழிக்கக்கூடிய நினைவகம் 2048 சொற்கள் கொண்டது. ஒரு சொல்லுக்கு 16 பிட். இன்றைய கணக்கில் அது 4096 பைட். நான்கு கிலோபைட் என்றால் என்ன, 4.1 கிலோபைட் என்றால் என்ன?

சொச்சம் பெருகிய விதம்

தொல்லை பின்னால் வந்தது. கிலோவுக்கு மேலே மெகா, ஜிகா, டெரா என்ற படிகள் உண்டு. மெட்ரிக் முறையில் ஒவ்வொரு படியும் முந்தியதைப்போல் ஆயிரம் மடங்கு. நினைவகக் கணக்கிலோ ஒவ்வொரு படியும் 1024 மடங்கு. கூட்டு வட்டிபோல, படிக்குப் படி வேறுபாடு ஏறுகிறது. கீழே உள்ள பட்டியலைப் பாருங்கள்.

கிலோ: ஆயிரம், மற்றது 1,024. வேறுபாடு 2.4 விழுக்காடு.
மெகா: பத்து இலட்சம், மற்றது 10,48,576. வேறுபாடு 4.9 விழுக்காடு.
ஜிகா: நூறு கோடி, மற்றது 1,07,37,41,824. வேறுபாடு 7.4 விழுக்காடு.
டெரா: இலட்சம் கோடி, மற்றது 10,99,51,16,27,776. வேறுபாடு 10 விழுக்காடு.
பெட்டா: இலட்சம் கோடியைப்போல் ஆயிரம் மடங்கு. வேறுபாடு 12.6 விழுக்காடு.

கிலோவில் உதிரிச் சில்லறையாக இருந்தது, டெராவில் பத்தில் ஒரு பங்காக வளர்ந்துவிட்டது.

இதற்கிடையில் வன்தட்டு செய்பவர்கள் மெட்ரிக் கணக்கையே பின்பற்றினார்கள். சுழலும் தட்டில் வட்ட வட்டமான தடங்கள் உண்டு. ஒவ்வொரு தடத்திலும் பல துண்டங்கள் உண்டு. தடங்களின் எண்ணிக்கை 1024 ஆகவோ 2048 ஆகவோ இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. செய்தித் தொடர்பில் ஈடுபட்டவர்களும் ஒரு கிலோபிட் என்றால் ஆயிரம் பிட் என்றே கொண்டார்கள். ஆக, ஒரே கணிப்பொறியில் ஒரே சொல் இரண்டு பொருளில் வழங்கலாயிற்று.

இரண்டையும் கலந்து மூன்றாவது கணக்கு ஒன்றையும் செய்தார்கள்! ஒரு காலத்தில் எங்கும் காணப்பட்ட மூன்றரை அங்குல நெகிழ்தட்டை உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். அதன் அளவு 1.44 மெகாபைட் என்று குறிக்கப்பட்டது. அதில் 2 பக்கங்கள், பக்கத்துக்கு 80 தடங்கள், தடத்துக்கு 18 துண்டங்கள், துண்டத்துக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட் வரும். மெட்ரிக் கணக்கில் இது 1.47 மெகாபைட். நினைவகக் கணக்கில் 1.41 மெகாபைட். 1.44 எப்படி வந்தது? 1024-ஆல் ஒரு முறையும் 1000-ஆல் ஒரு முறையும் வகுத்திருக்கிறார்கள்! முதல் படிக்கு ஒரு மரக்கால், இரண்டாம் படிக்கு வேறொரு மரக்கால்.

புதிர் விடுபடுகிறது

இப்போது நம் வன்தட்டுக்கு வருவோம். பெட்டியின்மேல் உள்ள 1 டெராபைட், மெட்ரிக் கணக்கு. அதாவது இலட்சம் கோடி பைட். நம் கணிப்பொறியில் உள்ள 'விண்டோஸ்' என்ற இயக்க மென்பொருள் ஒரு ஜிகாபைட்டை 1,07,37,41,824 பைட் என்று கொள்கிறது. இலட்சம் கோடியை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள்: 931.3 வருகிறது. 69 ஜிகாபைட் எங்கும் போகவில்லை. தட்டில் ஒரு பைட்கூடக் குறையவில்லை. அளக்கும் படிதான் பெரிதாகிவிட்டது. பெரிய படியால் அளந்தால் படிகளின் எண்ணிக்கை குறையும் அல்லவா?

அதே தட்டை ஆப்பிள் கணிப்பொறியில் இணைத்தால் 1 டெராபைட் என்றே காட்டும். அந்த நிறுவனம் 2009-இல் தன் மென்பொருளை மெட்ரிக் கணக்குக்கு மாற்றிவிட்டது. ஒரே தட்டு, இரண்டு கணிப்பொறிகள், இரண்டு எண்கள்!

இதில் யார்மேல் தவறு? சர்வதேச அளவை முறையின்படி கிலோ என்றால் ஆயிரம். ஜிகா என்றால் நூறு கோடி. அந்த வகையில் தட்டைச் செய்தவர்கள் பெயரைச் சரியாகவே பயன்படுத்தினார்கள். ஆனால், பெட்டியைப் பார்த்து வாங்கியவர்களின் கணிப்பொறி வேறு எண்ணைக் காட்டும்போது, அவர்கள் ஏமாந்ததாக எண்ணியதும் இயல்பே. அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போயிற்று. சீகேட் என்னும் வன்தட்டு நிறுவனம் 2007-இல் ஒரு வழக்கில் சமரசத்துக்கு உடன்பட்டது. தவறு செய்ததாக அது ஒப்புக்கொள்ளவில்லை. என்றாலும், வாங்கியவர்களுக்கு விலையில் 5 விழுக்காட்டைத் திருப்பித் தரவோ, இலவசமாக ஒரு மென்பொருளைத் தரவோ முன்வந்தது. ஆயிரத்துக்கும் ஆயிரத்து இருபத்து நான்குக்கும் இடையில் இருந்த சொச்சம் பணமாகப் பேசிய இடம் அது. இன்று வன்தட்டுப் பெட்டியின் ஓரத்தில், ஒரு ஜிகாபைட் என்பது நூறு கோடி பைட் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் காணலாம்.

புதிய பெயர்கள்

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998 திசம்பரில் ஒரு வழி கண்டது. கிலோ, மெகா, ஜிகா, டெரா ஆகியவை எப்போதும் மெட்ரிக் பொருளிலேயே வழங்கட்டும். 1024-இன் அடுக்குகளுக்குத் தனிப் பெயர்கள் இருக்கட்டும் என்று முடிவு செய்தது. அப்படிப் பிறந்தவை 'கிபி', 'மெபி', 'ஜிபி', 'டெபி' என்னும் முன்னொட்டுகள். ஒவ்வொன்றின் இறுதியிலும் உள்ள 'பி', இருமம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் அசை.

1 கிபிபைட் = 1,024 பைட்.
1 மெபிபைட் = 1,024 கிபிபைட்.
1 ஜிபிபைட் = 1,024 மெபிபைட்.
1 டெபிபைட் = 1,024 ஜிபிபைட்.

இதன்படி நம் வன்தட்டு 1 டெராபைட். அல்லது 931 ஜிபிபைட். இரண்டும் உண்மை. ஒன்றுக்கொன்று முரண்பாடே இல்லை.

பெயர் கிடைத்துவிட்டால் பழக்கம் மாறிவிடுமா? நினைவகச் சில்லுகளை விற்பவர்கள் இன்றும் 8 ஜிகாபைட் என்று எழுதிவிட்டு 8 ஜிபிபைட்டைத்தான் தருகிறார்கள். விண்டோஸ் காட்டுவது ஜிபிபைட். அதன் பக்கத்தில் எழுதுவது ஜிகாபைட்டின் சுருக்கம்.

இது நமக்குப் புதிய அனுபவம் அன்று. நம் தாத்தா, பாட்டி காலத்தில் படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. ஓர் ஊரின் படியில் அளந்து வாங்கிய நெல், இன்னோர் ஊரின் படியில் அளந்தால் கூடும், அல்லது குறையும். படியின் அளவு தெரியாமல் விலை பேசியவர் நட்டப்பட்டார். இந்தியாவில் எடை, அளவைத் தரச் சட்டம் 1956-இல் இயற்றப்பட்டு, 1958 முதல் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அப்போதும் பழைய படியை மக்கள் உடனே விட்டுவிடவில்லை. அளவை மாறுவதற்குச் சட்டம் மட்டும் போதாது. பயன்படுத்துபவர்கள் கேள்வி கேட்கவும் வேண்டும்.

இன்னொரு கண்ணி

பிட்டுக்கும் பைட்டுக்கும் இடையே இன்னொரு குழப்பம் உண்டு. இணைய வசதி தருபவர்கள் 'விநாடிக்கு 100 மெகாபிட்' என்று விளம்பரம் செய்கிறார்கள். கோப்பின் அளவையோ நாம் மெகாபைட்டில் பார்க்கிறோம். ஆங்கிலச் சுருக்கத்தில் சிறிய 'பி' எழுத்து பிட்டையும், பெரிய 'பி' எழுத்து பைட்டையும் குறிக்கும். வாயால் சொல்லும்போது இரண்டும் 'எம்பி' தான்!

1500 மெகாபைட் கொண்ட திரைப்படம் ஒன்றை இந்த இணைப்பில் இறக்க எத்தனை நேரம் ஆகும்? 1500-ஐ 100-ஆல் வகுத்து 15 விநாடி என்று சொன்னால் தவறு. 100 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் விநாடிக்கு 12.5 மெகாபைட். 1500-ஐ 12.5-ஆல் வகுத்தால் 120 விநாடி. முழு வேகம் கிடைத்தாலும் இரண்டு நிமிடம் ஆகும். "வேகம் எட்டில் ஒரு பங்குதான் வருகிறது" என்று சண்டைக்குப் போகுமுன், எந்த 'பி' என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எது எவ்வளவு?

அலகுகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, அவற்றின் பருமனை உணர்வது நல்லது. சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

திருக்குறளில் 1330 குறள்கள். இடைவெளிகளையும் சேர்த்து, ஒரு குறளுக்குச் சுமார் 55 குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு குறள் 165 பைட். நூல் முழுதும் ஏறத்தாழ 2 இலட்சத்து 20 ஆயிரம் பைட், அதாவது 220 கிலோபைட். பழைய நெகிழ்தட்டு ஒன்றில் ஆறு திருக்குறள்களைப் பதித்துவிடலாம்.

1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம், சூரியக் குடும்பத்தின் கோள்களையெல்லாம் தாண்டிச் சென்ற பின் விநாடிக்கு 160 பிட் என்ற வேகத்தில் அறிவியல் செய்திகளை அனுப்பி வந்தது. விநாடிக்கு 20 பைட். அந்த வேகத்தில் திருக்குறளை அங்கிருந்து அனுப்பினால், எல்லாக் குறளும் வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும்.

நம் உடலின் மரபுச் செய்தி டி.என்.ஏ. மூலக்கூறில் நான்கே வகை எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளது. நான்கில் ஒன்றைச் சுட்ட 2 பிட் போதும். மனித மரபுச் செய்தியின் ஒரு முழுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். எனவே 600 கோடி பிட், அதாவது 75 கோடி பைட், 750 மெகாபைட். ஒரு ஜிகாபைட்கூட இல்லை!

இன்னும் மேலே போவோம். 'எம் 87' என்ற அண்டத்தின் நடுவில் உள்ள கருந்துளையைப் படம் பிடிக்க, உலகின் பல பகுதிகளில் இருந்த வானலைத் தொலைநோக்கிகள் 2017 ஏப்ரலில் ஒன்றுசேர்ந்து நோக்கின. திரண்ட தகவல் சுமார் 5 பெட்டாபைட். இதை இணையத்தில் அனுப்ப முடியாமல், ஏறத்தாழ அரை டன் எடையுள்ள வன்தட்டுகளை விமானத்தில் ஏற்றிக் கொண்டு சென்றார்கள். தென்முனையில் இருந்த தட்டுகள், அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் பறக்கும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. படம் 2019 ஏப்ரல் 10 அன்று வெளியாயிற்று.

இப்போது ஒரு கேள்வி. இத்தகைய ஆய்வுக்கு வன்தட்டு வாங்கும் பொறுப்பை உங்களிடம் தருகிறார்கள். கேட்பவர் 5 பெபிபைட் என்ற பொருளில் '5 பெட்டாபைட்' என்கிறார். நீங்கள் மெட்ரிக் கணக்கில் வாங்கிவிடுகிறீர்கள். எவ்வளவு குறையும்? 12.6 விழுக்காடு, சுமார் 630 டெராபைட். உங்கள் வீட்டுத் தட்டைப்போல் 630 தட்டுகள் பற்றாமல் போகும். வாங்கிய தட்டுகள் நிரம்பிய பிறகு தொலைநோக்கி எதைப் பார்த்தாலும் பதிவதற்கு இடம் இராது.

எண்கள் இத்துடன் நிற்கவில்லை. பெட்டாவுக்கு மேலே எக்ஸா, ஜெட்டா, யோட்டா என்ற முன்னொட்டுகள் உள்ளன. அவையும் போதாமல், 2022 நவம்பரில் கூடிய எடை, அளவைகளின் பொது மாநாடு 'ரொன்னா', 'குவெட்டா' என்ற இரண்டைச் சேர்த்தது. குவெட்டா என்றால் 1-ஐ அடுத்து 30 சுழிகள். வேகமாகப் பெருகிவரும் தகவலின் அளவு இந்தப் புதிய பெயர்களுக்கு ஒரு முக்கியக் காரணம். படி ஏற ஏற, ஆயிரத்துக்கும் ஆயிரத்து இருபத்து நான்குக்கும் உள்ள வேறுபாடும் ஏறிக்கொண்டே இருக்கும்.

எண்ணைச் சொல்வது அளவையில் பாதி வேலைதான். எந்தப் படியால் அளந்தோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அளவை முழுமை பெறும். அடுத்த முறை '1 டெராபைட்' என்ற எழுத்துகளைப் பார்க்கும்போது, பெட்டியின் ஓரத்தில் உள்ள பொடி எழுத்தையும் படித்துவிடுங்கள்.

செய்து பாருங்கள்

1. கணிப்பொறியில் எளிய உரைக்கோப்பு ஒன்றைத் திறந்து 'தமிழ்' என்ற சொல்லை மட்டும் எழுதி, யூ.டி.எஃப். 8 முறையில் சேமியுங்கள். கோப்பின் அளவைப் பாருங்கள். 15 பைட் காட்டும். சில மென்பொருள்கள் தொடக்கத்தில் 3 பைட் கொண்ட அடையாளக் குறியைச் சேர்ப்பதால் 18 காட்டலாம். உங்கள் பெயருக்கு எத்தனை பைட் என்று முதலில் கணக்கிட்டு, பிறகு சேமித்துச் சரிபாருங்கள்.

2. நண்பர் 1330 குறள்களில் ஒன்றின் எண்ணை மனத்தில் நினைக்கிறார். 'ஆம்', 'இல்லை' கேள்விகளால் அதைக் கண்டுபிடிக்க எத்தனை கேள்விகள் போதும்?

3. '64 ஜிகாபைட்' என்று அச்சிட்ட நினைவக அட்டையை மெட்ரிக் கணக்கில் செய்திருக்கிறார்கள். அது எத்தனை ஜிபிபைட்?

4. விநாடிக்கு 40 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 600 மெகாபைட் கோப்பை இறக்கக் குறைந்தது எவ்வளவு நேரம் ஆகும்?

விடைகள்: (2) 11 கேள்விகள். பத்துக் கேள்விகளால் 1024 வரையே எட்டலாம். பதினொன்றால் 2048 வரை எட்டலாம். (3) 59.6 ஜிபிபைட். (4) 40-ஐ 8-ஆல் வகுக்க 5 மெகாபைட். எனவே 120 விநாடி.